கர்வத்தை வென்ற போர்வீரர்

லயோலா இஞ்ஞாசியார் வரலாறு

சென்னையில் உள்ள லயோலா கல்லூரியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1925-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கே படித்துப் பெரிய பதவிகளுக்கு வந்தவர்கள் பலர்.

லயோலா என்பது ஸ்பெயின் நாட்டில் உள்ள ஒரு கோட்டை வீட்டின் பெயர். அந்த வீட்டில் பிறந்த ஒருவரின் நினைவாகத்தான் கல்லூரிக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது.

அவர் பெயர் இஞ்ஞாசியார். கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் அவரைப் புனிதர் என்று வணங்குகிறார்கள்.

ஆனால் முப்பது வயது வரை அவரைப் போலக் கர்வம் பிடித்த மனிதர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது! அந்தக் கர்வத்தோடு அவர் சண்டை போட்டார். ஒரு நாள், இரண்டு நாள் சண்டை அல்ல. பல ஆண்டுச் சண்டை. அந்தச் சண்டையின் கதைதான் இது.

பிரபு வீட்டுப் பிள்ளை

ஸ்பெயினின் வட பகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலை நாட்டில், 1491-ம் ஆண்டு அவர் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் இனிகோ. மொத்தம் 13 பிள்ளைகள் என்பார்கள். இவர்தான் கடைக்குட்டி.

குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு கொல்லரின் மனைவி பால் கொடுத்து வளர்த்தார்.

பதினைந்து வயது வாக்கில், அரசரின் கஜானா அதிகாரி ஒருவர் வீட்டுக்கு இனிகோ அனுப்பப்பட்டார். அங்கே அரண்மனைப் பழக்க வழக்கங்களைக் கற்றார். வாள் வீசக் கற்றார். நடனம் கற்றார். வீர தீரக் கதைகளை விழுந்து விழுந்து படித்தார்.

தோள் வரை தொங்கும் தலைமுடி. பளபளக்கும் உடை. காலைப் பிடித்தாற்போல் இறுக்கமான பூட்ஸ். இடுப்பில் வாள். யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் கை உடனே வாளுக்குப் போகும்.

1515-ம் ஆண்டு சொந்த ஊரில் ஒரு குற்ற வழக்கிலும் சிக்கினார். பிரபு வீட்டுப் பிள்ளை என்பதால் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார்.

பெயர் வாங்க வேண்டும், புகழ் வாங்க வேண்டும், எல்லோரும் தன்னைப் பார்த்து வியக்க வேண்டும். இதைத் தவிர அந்த வாலிபருக்கு வேறு எண்ணமே இல்லை. பிற்காலத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டார்.

ஒருவர் பிடிவாதம்

1521-ம் ஆண்டு மே மாதம். பிரான்ஸ் நாட்டுப் படை பாம்ப்லோனா நகரத்தின் மீது பாய்ந்தது. நகரம் விழுந்தது. கோட்டை மட்டும் பாக்கி.

கோட்டைக்குள் இருந்தவர்கள் மிகச் சிலர். வெளியே பெரும்படை, பீரங்கிகளோடு நின்றது. சண்டை போட்டால் சாவு நிச்சயம் என்று எல்லா வீரர்களுக்கும் தெரிந்தது. சரண் அடையலாம் என்றார்கள்.

முடியாது என்றார் ஒரே ஒருவர். அவர்தான் இனிகோ!

சரண் அடைவது கேவலம், கௌரவம் என்ன ஆவது என்று வாதாடினார். கோட்டைத் தளபதியும் அவர் பேச்சுக்கு இணங்கிவிட்டார். சண்டை தொடங்கியது.

மே 20-ந் தேதி ஒரு பீரங்கிக் குண்டு பறந்து வந்தது. அது இனிகோவின் வலது காலை நொறுக்கியது. இடது காலிலும் காயம். அவர் கீழே விழுந்தார். அவர் விழுந்ததுமே கோட்டை சரண் அடைந்தது.

பிரெஞ்சு வீரர்கள் அவரிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். வைத்தியம் செய்தார்கள். பிறகு டோலியில் வைத்து லயோலா கோட்டைக்கு அனுப்பி வைத்தார்கள்.

பூட்ஸுக்காக அறுவை!

எலும்பு சரியாகக் கூடவில்லை. மறுபடியும் உடைத்து வைத்துக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. இனிகோ கத்தவில்லை. கைகளை இறுக மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

உடல் மோசமானது. பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். ஆனால் பிழைத்துவிட்டார்.

இப்போது ஒரு புதிய கவலை வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. பார்க்க அசிங்கமாக இருந்தது. அவருக்குப் பிடித்த இறுக்கமான பூட்ஸை இனிப் போட முடியாது.

அந்த எலும்பை அறுத்து எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் இதுவரை பட்ட வேதனையை எல்லாம் விட அது அதிகமாக இருக்கும் என்றார்கள் வைத்தியர்கள்.

அறுங்கள் என்றார் இனிகோ. அண்ணனே பயந்துபோனார். தன்னால் அப்படி ஒரு வலியைத் தாங்க முடியாது என்றார்.

சதையை வெட்டி எலும்பை அறுத்தார்கள். கால் குட்டையாகிவிடக் கூடாது என்று கருவிகள் வைத்துப் பல நாள் இழுத்தார்கள். அப்படியும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கடைசி வரை அவர் சிறிது நொண்டித்தான் நடந்தார்.

நாட்டுக்காக அவர் இதைத் தாங்கவில்லை. கடவுளுக்காகவும் தாங்கவில்லை. பூட்ஸ் அழகாகப் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தாங்கினார்! கர்வம் மனிதனை எவ்வளவு தூரம் ஆட்டி வைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டு புத்தகங்கள்

படுக்கையில் பல மாதம் கிடந்தார். பொழுது போகவில்லை. வீர தீரக் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தவை இரண்டு. ஒன்று ஏசுநாதரின் வரலாறு. இன்னொன்று புனிதர்களின் கதைகள்.

வேறு வழி இல்லாமல் அவற்றைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணை மூடிக் கனவு கண்டார்.

ஒரு சமயம் போரில் வெல்வது போலவும், உயர்ந்த குலத்துச் சீமாட்டி ஒருத்தியின் மனதைக் கவர்வது போலவும் கனவு. அது இனிக்கும். ஆனால் முடிந்ததும் மனம் வறண்டு போகும். இன்னொரு சமயம் புனிதர்களைப் போலத் தாமும் வாழ்வது போல ஒரு கனவு. அது முடிந்த பிறகும் மனம் நிறைவாக இருக்கும்.

இந்த வேறுபாட்டை அவர் கவனித்தார். அதுதான் திருப்பம். பழைய வாழ்வை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆனால் கர்வம் அவரை விட்டதா? இல்லை! சட்டையை மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான்.

அசிசி நகரப் பிரான்சிஸ் இப்படிச் செய்தாரா? நானும் செய்வேன். டோமினிக் இவ்வளவு தவம் செய்தாரா? நான் அதற்கு மேல் செய்வேன். இப்படித்தான் அவர் எண்ணம் ஓடியது. நேற்று வரை வீரர்களோடு போட்டி. இன்று புனிதர்களோடு போட்டி!

கோவேறு கழுதை காட்டிய வழி

1522-ம் ஆண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். கோவேறு கழுதை மீது பயணம். வழியில் மூர் இனத்து முஸ்லிம் ஒருவர் கூட வந்தார். மாதாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கருத்து வேறுபட்டது. அந்த மனிதர் வேகமாக முன்னே போய்விட்டார்.

இனிகோவுக்குக் கோபம் பொங்கியது. மாதாவின் கௌரவத்தைக் காக்க அந்த ஆளைத் துரத்திக் குத்த வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. கடிவாளத்தைத் தளர விட்டார். அந்த ஆள் போன ஊர் வழியில் கழுதை திரும்பினால் குத்துவது. நேர் வழியில் போனால் விட்டுவிடுவது என்று எண்ணினார்.

ஊருக்குப் போகும் பாதை அகலமானது, நல்ல பாதை. ஆனாலும் கழுதை நேர் வழியில் போனது. ஒரு மனிதரின் உயிர் தப்பியது. பக்தி வந்த பிறகும் இனிகோவின் கை வாளைத்தான் தேடியது!

மான்செராட் என்ற மலையில் புகழ் பெற்ற மாதா கோவில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தார். மார்ச் 24-ந் தேதி இரவு, தம் விலை உயர்ந்த உடைகளைக் களைந்து ஒரு பிச்சைக்காரனிடம் கொடுத்தார். கோணித் துணி போன்ற முரட்டு அங்கியைப் போட்டுக்கொண்டார். வாளையும் குத்துவாளையும் கோவிலிலேயே விட்டுவிட்டார். இரவு முழுவதும் மாதாவின் முன் விழித்திருந்தார். விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் நடந்தார்.

சிறிது தூரம் போவதற்குள் பின்னால் ஒருவர் ஓடிவந்தார். ஒரு பிச்சைக்காரனிடம் அந்த உடைகளை நீங்களா கொடுத்தீர்கள் என்று கேட்டார். திருடிவிட்டான் என்று சொல்லி அந்த ஏழையைப் பிடித்துக் கொடுமைப்படுத்திவிட்டார்கள்!

இனிகோ கண்ணீர் விட்டார். தாம் செய்த தியாகம் பெரிது என்றுதான் அவர் எண்ணியிருந்தார். அந்த உடையைப் போட்டால் ஏழைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

முடியும் நகமும்

மன்ரேசா என்ற சிற்றூரில் சுமார் 11 மாதம் தங்கினார். பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். மணிக்கணக்கில் ஜெபம் செய்தார்.

முன்பு தலைமுடியை அழகு பார்த்துப் பார்த்து வளர்த்தவர் அல்லவா? அதற்குத் தண்டனையாக இப்போது முடியைச் சீவவில்லை, வெட்டவில்லை. கை, கால் நகங்களையும் வெட்டவில்லை. பார்க்கவே பயமாக இருந்தார்.

தம் பழைய பாவங்களை எண்ணி எண்ணி மனம் நொந்தார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணம் வந்தது. ஒரு வாரம் எதுவும் உண்ணாமல் கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர் சாப்பிடும்படி உத்தரவு போட்டார். பணிந்து சாப்பிட்டார்.

ஒரு முறை கடும் காய்ச்சல். உயிர் போய்விடும் என்று நினைத்தார். அந்த நேரத்தில் ஓர் எண்ணம் தலை தூக்கியது. நீதான் புனிதன் ஆயிற்றே, உனக்கென்ன பயம் என்றது அந்த எண்ணம்!

இனிகோ நடுங்கிப்போனார். சாவை விட அந்த எண்ணம் அவரைப் பயமுறுத்தியது. காய்ச்சல் சிறிது தணிந்ததும், அருகில் இருந்த பெண்களிடம் ஒன்று வேண்டிக்கொண்டார். மறுபடி தாம் சாகும் நிலைக்கு வந்தால், நீ ஒரு பாவி என்று தம் காதில் உரக்கக் கத்தும்படி கேட்டுக்கொண்டார்!

கிழிந்த உடையிலும் கர்வம் ஒளிந்துகொள்ளும். பட்டினியிலும் ஒளிந்துகொள்ளும். ஜெபத்திலும் ஒளிந்துகொள்ளும். இதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

பிறகு மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போகத் தொடங்கினார். தம்மால் அவர்களுக்கு நன்மை விளைவதைப் பார்த்தார். உடனே முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார்! தம்மையே பார்த்துக்கொண்டிருந்த கண், அன்றுதான் அடுத்தவரைப் பார்த்தது.

இரண்டு கொடிகள்

கிறிஸ்தவ சமயத்தில் தலையான பாவங்கள் ஏழு என்பார்கள். அவற்றில் முதலாவது கர்வம். 6-ம் நூற்றாண்டில் வாழ்ந்த போப் முதலாம் கிரகோரி, மற்ற பாவங்களுக்கெல்லாம் வேர் கர்வமே என்று எழுதினார். வானதூதனாக இருந்தவன் பிசாசாக மாறியது கர்வத்தால்தான் என்பது கிறிஸ்தவ மரபு.

இதற்கு நேர் மாறானது ஏசுநாதரின் வழி. சாவதற்கு முந்திய இரவு அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம் சீடர்களின் கால்களைக் கழுவினார். அது அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் செய்யும் வேலை. தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் செய்த சீடர்களுக்கு அதுதான் பாடம்.

மன்ரேசாவில் இருந்தபோது இனிகோ ஒரு தியான நூலை எழுதத் தொடங்கினார். அந்த நூலில், போர்வீரர் அல்லவா, இரண்டு படைகளையும் இரண்டு கொடிகளையும் மனக்கண்ணில் பார்க்கச் சொல்கிறார்.

பிசாசின் படை மனிதனை எப்படிப் பிடிக்கிறது? முதலில் பண ஆசை. பணம் வந்ததும் புகழ் ஆசை. புகழ் வந்ததும் கர்வம். கர்வம் வந்துவிட்டால் வேறு எந்தப் பாவத்துக்கும் கதவு திறந்துவிடும்.

ஏசுவின் படைக்கும் மூன்று படிகள் உண்டு. எளிமை முதல் படி. அவமானத்தைப் பொறுப்பது இரண்டாவது படி. தாழ்மை மூன்றாவது படி. அதன் பிறகு எல்லா நற்குணங்களும் தாமாக வரும்.

ஊர் பெயரைச் சொல்லவும் பயம்

1523-ம் ஆண்டு, ஏசு வாழ்ந்த ஜெருசலேம் நகருக்கு யாத்திரை புறப்பட்டார். பார்சிலோனாவில் கப்பல் ஏற வேண்டும். எங்கே போகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள்.

ஜெருசலேம் என்று சொல்ல அவருக்குப் பயம்! அவ்வளவு தூரமா, எப்பேர்ப்பட்ட பக்தர் என்று அவள் புகழ்ந்தால் கர்வம் வந்துவிடுமே! இத்தாலிக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். தம் ஊரையும் குடும்பத்தையும்கூட யாரிடமும் சொல்வதில்லை.

ஜெருசலேம் சேர்ந்தார். கடைசி வரை அங்கேயே தங்கிவிட விரும்பினார். ஆனால் புனித இடங்களைக் காத்துவந்த பிரான்சிஸ் சபைத் துறவிகள், அது ஆபத்து என்று தடுத்தார்கள். தங்கித்தான் தீருவேன் என்று அவர் சொன்னார். போகச் சொல்லும் அதிகாரம் போப்பாண்டவரால் தங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது என்றார்கள். மறு பேச்சு இல்லை. திரும்பிவிட்டார்.

பாம்ப்லோனாவில் யார் சொல்லியும் கேட்காத மனிதர், இங்கே பணிந்தார்.

சிறுவர்களோடு ஒரு மாணவர்

படிப்பு இல்லாமல் பிறருக்கு வழிகாட்ட முடியாது என்று அவருக்குத் தோன்றியது. 33-வது வயதில், பார்சிலோனாவில், லத்தீன் இலக்கணத்தின் முதல் பாடத்தைத் தொடங்கினார்.

அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். அரண்மனையில் வளர்ந்த வீரர், அவர்கள் நடுவே உட்கார்ந்து சொல் உருவங்களை மனப்பாடம் செய்தார்.

மனப்பாடம் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஜெபத்தில் மனம் போய்விடும். ஜெபம் நல்லதுதானே என்று அவர் விட்டுவிடவில்லை. பாடம் படிக்கும் நேரத்தில் வரும் அந்த இன்பம் தம்மை ஏமாற்ற வருவது என்று கண்டுகொண்டார். ஆசிரியரிடம் நேரே போய் உண்மையைச் சொன்னார். உயிர் வாழ ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும் வரை, இரண்டு ஆண்டுக்கு வகுப்புக்கு ஒரு நாளும் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

பிறகு அல்காலா, சலமான்கா ஆகிய ஊர்களில் படித்தார். கூடவே மக்களுக்குச் சமய போதனையும் செய்தார். பட்டம் பெறாதவர் எப்படிப் போதிக்கலாம் என்று சமய அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அல்காலாவில் 42 நாள் சிறை. சலமான்காவில் 22 நாள் சிறை, காலில் சங்கிலி. அவர் போதனையில் குற்றம் எதுவும் காணப்படவில்லை. விடுதலை செய்தார்கள்.

1528-ம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். புத்தகங்களைச் சுமந்தது ஒரு கழுதை. அவர் நடந்தே போனார். அடிப்படை சரியில்லை என்று அறிந்து, 36 வயதைக் கடந்த பிறகு, மறுபடியும் சிறுவர்களோடு உட்கார்ந்து இலக்கணத்தை முதலில் இருந்து படித்தார்!

கடனாளிக்காக நடந்த நடை

பாரிஸில் அவருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. கூடத் தங்கியிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவன் ஒருவனிடம் அதைக் கொடுத்து வைத்தார். அவன் அவ்வளவையும் செலவு செய்துவிட்டான். திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

இஞ்ஞாசியார் - இந்தப் பெயரை அவர் பாரிஸில்தான் வைத்துக்கொண்டார் - தங்கும் இடத்தை விட்டு ஏழைகள் விடுதிக்குப் போனார். பிச்சை எடுத்துப் படித்தார்.

சில காலம் சென்றது. அந்த மாணவன் ஊருக்குத் திரும்பும் வழியில், ரூவான் நகரில் நோயில் விழுந்தான். கடிதம் எழுதினான்.

இஞ்ஞாசியார் என்ன செய்தார் தெரியுமா? ரூவான் சுமார் 80 மைல் தூரம். செருப்பு இல்லாமல், சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் நடந்தே போவது என்று புறப்பட்டார்! மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவனுக்கு ஆறுதல் சொன்னார். ஸ்பெயினுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார். சலமான்காவில் இருந்த தம் நண்பர்களுக்குக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

மரியாதைக் குறைவுக்கு வாளை உருவிய கை, தம் பணத்தைத் தின்றவனைத் தாங்கிப் பிடித்தது.

ஒரே அறையில் சவேரியார்

1529-ம் ஆண்டு வேறு கல்லூரிக்கு மாறினார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பீட்டர் பேபர். ஆடு மேய்த்த குடும்பம். இன்னொருவர் பிரான்சிஸ் சவேரியார். பிரபு குடும்பம்.

பாம்ப்லோனா போரில் சவேரியாரின் அண்ணன்மார்கள் எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள்! சவேரியாருக்கும் பெயர், புகழ் ஆசை நிறைய இருந்தது. நொண்டி நடக்கும் இந்த நடுத்தர வயது மாணவரை அவர் லட்சியம் செய்யவில்லை.

இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. அந்த நோய் அவருக்குத் தெரிந்த நோய்தானே! பொறுமையாகப் பழகினார். பணத்தட்டுப்பாடு வந்தபோது உதவினார். மெல்ல மெல்லச் சவேரியாரின் மனம் மாறியது.

1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, பாரிஸ் அருகே மோன்மார்த்ர் குன்றில், இஞ்ஞாசியாரும் நண்பர்களும் ஆக ஏழு பேர், ஏழ்மையில் வாழ்ந்து கடவுளுக்குத் தொண்டு செய்வதாகச் சபதம் எடுத்தார்கள். ஏசு சபையின் விதை அதுதான்.

மறு ஆண்டு, உடல்நலம் கெட்டதால் இஞ்ஞாசியார் சொந்த ஊருக்குப் போனார். அண்ணன் கோட்டைக்கு அழைத்தார். அவர் போகவில்லை. ஏழைகள் விடுதியில் தங்கினார். தம்மைப் பிரபுவாகப் பார்த்த அதே தெருக்களில் பிச்சை எடுத்தார்.

குழந்தைகளுக்குச் சமய பாடம் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். யாரும் வரமாட்டார்கள் என்று அண்ணன் தடுத்தார். ஒரு குழந்தை வந்தால் போதும் என்று பதில் சொன்னார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அண்ணனும் வந்தார்!

தலைவர் செய்த முதல் வேலை

1540-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, போப் மூன்றாம் பால் ஏசு சபைக்கு அனுமதி வழங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தலைவர் தேர்தல். அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் இஞ்ஞாசியாருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

எனக்குத் தகுதி இல்லை என்று அவர் மறுத்தார். மறுபடி தேர்தல். மறுபடியும் அதே முடிவு. மறுபடியும் மறுத்தார். தம் பாவங்களை எல்லாம் ஒரு துறவியிடம் மூன்று நாள் சொல்லி, அவர் தீர்ப்புக்கு விட்டார். பதவியை மறுப்பது கடவுளை எதிர்ப்பது ஆகும் என்று அந்தத் துறவி சொன்னார். அதன் பிறகே ஒப்புக்கொண்டார்.

தலைவரானதும் எங்கே போனார்? சமையல் கட்டுக்கு! சமையல்காரருக்கு எடுபிடி வேலை செய்தார். பிறகு 46 நாள் குழந்தைகளுக்குச் சமய பாடம் நடத்தினார்.

தம்மோடு நிற்காமல், சபைக்கும் ஒரு பூட்டுப் போட்டார். பதவிக்கு ஆசைப்படக் கூடாது, பதவியைத் தேடி அலையக் கூடாது என்று ஏசு சபையார் சிலர் தனியாகவே வாக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார். 1546-ம் ஆண்டு, தோழர் ஒருவரைப் பிஷப் ஆக்க அரசர் பெர்டினாண்டு விரும்பினார். வேண்டாம் என்று போப்பாண்டவர் வரை போய்ப் போராடித் தடுத்தார்.

அதே ஆண்டு, டிரென்ட் நகரில் நடந்த சமயப் பெரு மாநாட்டுக்குத் தோழர்கள் சிலர் அறிஞர்களாகப் போனார்கள். மாநாட்டில் பேசினால் போதாது, ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பாருங்கள், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பினார். பெரியவர்கள் சபையில் உட்காருகிறவனுக்குத்தான் தாழ்மை அதிகம் தேவை என்று அவருக்குத் தெரியும்.

1551-ம் ஆண்டு தலைமைப் பதவியை விட்டுவிட அனுமதி கேட்டார். தோழர்கள் இசையவில்லை.

இதற்குள் சவேரியார் இந்தியாவுக்கு வந்துவிட்டார். 1542-ம் ஆண்டு கோவாவில் இறங்கி, அதே ஆண்டில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு வந்து, மீனவர் குடிசைகளில் தொண்டு செய்தார். தோழர்களின் கடிதங்களில் இருந்து அவர்களுடைய கையெழுத்துக்களை வெட்டி எடுத்துத் தம் மார்பில் வைத்திருந்தார். 1552-ம் ஆண்டு சீனாவின் கரை அருகே ஒரு தீவில் இறந்தார்.

கடைசி விருப்பம்

1553-ம் ஆண்டு ஒரு நாள். கமரா என்ற தோழர் ஒருவர், தம்மை வீண் பெருமை வாட்டுகிறது என்று இஞ்ஞாசியாரிடம் சொன்னார். இரண்டு ஆண்டு தாமும் அதே நோயில் வாடியதை இஞ்ஞாசியார் சொன்னார். ஜெருசலேம் என்று சொல்லப் பயந்த கதையையும் சொன்னார்.

அதைக் கேட்டுக் கமராவின் மனம் ஆறியது. தம் கதை இன்னொருவருக்கு மருந்தாகும் என்று கண்ட பிறகுதான், தம் வரலாற்றைச் சொல்ல இஞ்ஞாசியார் இசைந்தார். பூட்ஸ் கதையும் கோவேறு கழுதைக் கதையும் உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். தம்மைப் பற்றிய கேவலங்களை அவரே சொல்லி எழுத வைத்தார்!

1556-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி. ரோமாபுரி. இஞ்ஞாசியாருக்கு உடல்நலம் இல்லை. தம் முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. போப்பாண்டவரிடம் போய்த் தமக்காக ஆசி வாங்கி வரும்படி செயலாளர் போலன்கோவிடம் சொன்னார்.

அப்படி ஒன்றும் ஆபத்து இல்லை என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள் வேறு போலன்கோவின் மேஜையில் கிடந்தன. நாளைக்குப் போகலாமா என்று கேட்டார்.

இன்றே போனால் நல்லது, ஆனால் உங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் இஞ்ஞாசியார். தலைவர் அவர்தான். உத்தரவு போட்டிருக்கலாம். போடவில்லை.

மறுநாள், ஜூலை 31-ந் தேதி விடியற்காலையில், அவர் சாகும் நிலையில் கிடந்ததைப் பார்த்தார்கள். போலன்கோ போப்பாண்டவரிடம் ஓடினார். ஆசி பெற்றுத் திரும்பி வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

அப்போது ஏசு சபையில் சுமார் 1,000 பேர் இருந்தார்கள். 1622-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, இஞ்ஞாசியாரும் சவேரியாரும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

அன்று பாம்ப்லோனா கோட்டையில், தம் ஒரு சொல் நிற்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் உயிரைப் பணயம் வைத்தார் இனிகோ. கடைசி நாளில், வேலை மிகுந்த ஒரு செயலாளருக்காகத் தம் கடைசி விருப்பத்தையே விட்டுக்கொடுத்தார் இஞ்ஞாசியார். இந்த இரண்டுக்கும் நடுவே 35 ஆண்டுகள் ஓடியிருந்தன. கர்வத்தை வெல்ல அவருக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது!